குளிரின் மேல் பழி போடலாமா? பழைய டிராக்டரும் மார்கழிக் காலையும்

மார்கழி பிறந்தால் நம் அலுவலகத்துக்கு விடியற்காலையில் வரும் போன் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "தண்ணி டேங்கர் இன்னும் வரலீங்க." லைன் வீடுகளில் இருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் எட்டரை மணி ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். டிரைவரோ ஃபஜ்ர் தொழுகை முடித்ததிலிருந்து செல்ஃப் அடித்துக்கொண்டிருப்பார். கேட்டால், "குளிருங்க, வண்டி பிடிக்க மாட்டேங்குது" என்பார்.

நாமும் இரண்டு வருடம் இதை நம்பினோம். குளிருக்குப் பேட்டரி தாங்கவில்லை என்று இரண்டு முறை புதுப் பேட்டரியும் வாங்கினோம். பொதுப்பணம்; ஆகவே இதைச் சொல்லியாக வேண்டும். கடைசியில் பார்த்தால், சேஸிஸில் எர்த் வயர் முடுக்கியிருந்த இடம் துருப்பிடித்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப முடுக்கியதும் வண்டி ஒரே செல்ஃபில் பிடித்தது.

ஊட்டிக்காரர் குளிர் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். அங்கே ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. திருப்பூர், பல்லடம், காங்கேயம் பக்கம் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். பஞ்சாபில் இதைவிட 10 டிகிரி குறைவான குளிரிலும் டிராக்டர்கள் வயலுக்குப் போகின்றன. நம் ஊர்க் குளிர் நோயை உண்டாக்குவதில்லை, இருக்கும் நோயைக் காட்டிக்கொடுக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ 16, 17 மடங்கு இறுக்குகிறது. அந்த இறுக்கத்திலேயே காற்று 500 டிகிரி அளவுக்குச் சூடேறுகிறது. நாசல் பீச்சும் டீசல் அதில் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆனால் இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் அந்தச் சூடு வரும். மெதுவாகச் சுற்றினால் குளிர்ந்த சிலிண்டர் சுவர் சூட்டை உறிஞ்சிவிடும். தேய்ந்த ரிங் வழியாகக் காற்றும் கசிந்துவிடும். குளிரில் ஆயில் கெட்டியாகி இன்ஜினை இழுத்துப் பிடிக்கிறது, பேட்டரியும் சற்றுச் சோர்கிறது. எல்லாம் சரியாக உள்ள வண்டி இதைத் தாங்கும். ஏற்கெனவே பாதி பலவீனமான வண்டி நின்றுவிடும்.

எனவே முதலில் சுற்றும் வேகத்தைக் கவனியுங்கள். மெதுவாகச் சுற்றினால் கோளாறு மின்சாரப் பக்கம். முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான். மீட்டர் இல்லையா? செல்ஃப் அடித்த பின், வயர் முனைகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். எந்த முனை சுடுகிறதோ அங்கேதான் பிடிப்புச் சரியில்லை. ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம்; இடையில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் புகையைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை. பெரும்பாலும் லைனில் ஏர் பிடித்திருக்கும். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் நெம்பைக் கையால் அடித்து, நுரை போய் முழு டீசல் வரும்வரை விடுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். அப்போது ஹீட்டரைச் சோதியுங்கள். சென்னை சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் உரிமத்தில் செய்த பழைய இன்ஜின்கள் பலவற்றில், காற்று உள்ளே போகும் குழாயில் சிறு ஹீட்டர் உண்டு. சாவியை ஹீட் பக்கம் 15, 20 விநாடி திருப்பிப் பிடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்குத் தனியாக டீசல் சொட்டும் மெல்லிய குழாய் ஒன்று வரும். அது அடைத்திருந்தால் ஹீட்டர் சுட்டும் பயனில்லை. பல வண்டிகளில் இதன் வயரையே கழற்றிப் போட்டிருக்கிறார்கள்!

இப்போது நாம் பயப்படும் விஷயத்துக்கு வருவோம். வண்டி பிடிக்காத ஆத்திரத்தில் நம் பையன்கள் செய்யும் மூன்று வேலைகள்.

பனியன் வேஸ்ட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமா? அதை பெட்ரோலில் நனைத்து ஏர் கிளீனர் வாயில் வைப்பார்கள், சிலர் கொளுத்தியே பிடிப்பார்கள். உள்ளே ஹீட்டர் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஆவியோ, ஈதர் ஸ்பிரேயோ போனால் குழாயிலேயே வெடிக்கும். முகம்தான் முதலில் எரியும்.

இரண்டாவது, தீக்குச்சி வெளிச்சத்தில் பேட்டரியைப் பார்ப்பது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது. வேறு பேட்டரியிலிருந்து வயர் போடும்போதும், கடைசி மைனஸ் முனையை பேட்டரியில் வைக்காமல், தள்ளி, இன்ஜினின் இரும்பில் வையுங்கள்.

மூன்றாவதுதான் உயிரெடுப்பது. சாவி வேலை செய்யவில்லை என்று கீழே நின்றபடி ஸ்குரூடிரைவரால் செல்ஃப் மோட்டாரின் இரு முனைகளையும் தொடுவது. நிற்கும் இடம் எது? பெரிய பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். கியர் விழுந்திருந்தால் இன்ஜின் பிடித்த கணமே வண்டி நகரும். விலகுவதற்கு நேரம் இருக்காது. கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கும் ஸ்விட்ச் இருந்தாலும், ஸ்குரூடிரைவர் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. சீட்டில் உட்காராமல் எந்த வண்டியையும் கிளப்பக் கூடாது என்று நம் டிரைவர்களிடம் எழுதி வாங்கியிருக்கிறோம். சாவி ஸ்விட்ச் புதிதாக மாற்றுவது பேட்டரி விலையில் சிறு பங்குதான்.

ஷெட்டில் நிறுத்துபவர்கள் கதவைத் திறந்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். புகை மூச்சை அடைக்கும். ராத்திரி நிறுத்தும்போதே டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் கோக்காது, டீசலில் தண்ணீர் சேராது. மாதம் ஒரு முறை ஃபில்டர் அடியிலுள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள்.

டேங்கர், டிராக்டர் வைத்திருக்கும் சகோதரர்கள் வரும் ஞாயிறு காலை வண்டியோடு நம் அலுவலக மைதானத்துக்கு வரலாம். மெக்கானிக் ஒருவர் இருப்பார். வயர், பேட்டரி, சாவி ஸ்விட்ச் மூன்றையும் கட்டணமின்றிப் பார்த்துத் தருவார். உதவிக்கு நிற்கும் பையன்களையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்.