3,600 ரூபாய் ப்ளையர்: யாருக்கு லாபம், யாருக்கு வெட்டிச் செலவு?

எங்க ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்சிட்டு இப்போ நல்ல வேலையில இருக்கிற ஒரு தம்பி போன மாசம் போன் பண்ணினான். "அண்ணா, ஒரு டூல் கிட் பார்த்தேன். 12,000 ரூபாய், நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு. ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் வரும்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

"வீட்ல இப்போ என்ன டூல் வச்சிருக்க?" என்று கேட்டேன். "ஒரு டெஸ்டர் இருக்கு" என்றான்.

சிரிக்காதீங்க. இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். அதைச் சொல்லிட்டு கணக்குக்கு வர்றேன்.

நான் வாங்கின ப்ளையர்

முதல் நல்ல போனஸ் வந்த வருஷம், க்னிபெக்ஸ் கோப்ரா என்ற ப்ளையரை 3,600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். க்னிபெக்ஸ், ஜெர்மனியில வூப்பர்டால் நகரத்துல 1882-ல் தொடங்கின கம்பெனி. ப்ளையர் வகைகள்தான் அவங்க தொழில். 250 மி.மீ. கோப்ராவுல ஒரு பட்டனை அழுத்தி, 25 நிலைகள்ல வாயை அட்ஜஸ்ட் பண்ணலாம். பைப்பைக் கவ்வினா கை வழுக்காது. அருமையான பொருள், அதுல சந்தேகமே இல்லை.

அஞ்சு வருஷத்துல அதை எத்தனை தடவை வெளியே எடுத்தேன் தெரியுமா? நினைவுல இருக்கிற வரைக்கும் 11 தடவை.

ஒரு நாள் கிச்சன் சிங்க் கீழே ஒழுகல். வழக்கமா வர்ற ப்ளம்பர் அண்ணன் வந்தார். அவர் ப்ளையரோட பல்லு தேஞ்சுபோய், நட் மேல வழுக்கிக்கிட்டே இருந்தது. நான் என் கோப்ராவை எடுத்துக் கொடுத்தேன். ஒரே பிடி, ஒரே திருகு, நட் கழண்டுடுச்சு. வேலை முடிஞ்சதும் துணியால துடைச்சு, திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, விலை கேட்டார். சொன்னேன்.

"என் நாலு நாள் கூலி சார்" என்றார். மணிக்கட்டைத் தடவிக்கிட்டே, "நல்ல பொருள்" என்று சொல்லி என் கையில கொடுத்துட்டுப் போயிட்டார்.

அன்னிக்கு ராத்திரி நான் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை.

ஒரு தடவைக்கு எவ்வளவு?

என் கையில: 3,600 ரூபாய், 11 தடவை. ஒரு தடவைக்கு 327 ரூபாய்.

அவர் கையில: ஒரு நாளைக்கு குறைஞ்சது 10 தடவை, வருஷத்துக்கு 250 நாள் வேலைன்னு வச்சுக்கோங்க. அஞ்சு வருஷத்துல 12,500 தடவை. ஒரு தடவைக்கு 29 பைசா.

பொருள் ஒண்ணுதான், விலையும் ஒண்ணுதான். ஒருத்தருக்கு ஆடம்பரம், இன்னொருத்தருக்கு மலிவு. அதனால "பிரீமியம் டூல் வொர்த்தா?" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. யார் கையில, எத்தனை தடவை என்பதுதான் கேள்வி.

இங்க ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். "சீப்பா வாங்கினா மாத்திக்கிட்டே இருக்கணும், அதனால பிரீமியம்தான் கடைசியில மலிவு" என்று எல்லாரும் சொல்வாங்க. ப்ளம்பர் அண்ணன் 450 ரூபாய் ப்ளையரை வருஷத்துக்கு ஒண்ணு மாத்துறார். அஞ்சு வருஷத்துக்கு 2,250 ரூபாய். அப்பவும் 3,600-தான் அதிகம்! மாத்துற செலவை மட்டும் பார்த்தா, தினமும் உபயோகிக்கிறவருக்கே அஞ்சு வருஷத்துல பிரீமியம் ஜெயிக்கல.

ஜெயிக்கிறது நேரத்துல. வழுக்காத ப்ளையர் இருந்து, மாசத்துக்கு 300 ரூபாய் வேலை ஒண்ணே ஒண்ணு கூடுதலா முடிச்சா, வருஷத்துக்கு 3,600. ஒரே வருஷத்துல போட்ட காசு வந்துடும். மணிக்கட்டு வலி குறையறது அதுக்கு மேல.

இப்போ உங்களைக் கேளுங்க. உங்க டூல் உங்களுக்கு மாசம் எவ்வளவு சம்பாதிச்சுக் கொடுக்குது?

கூடுதல் காசு எங்க போகுது?

மூணு இடத்துல. ஒண்ணு, இரும்பும் அதைச் சூடாக்கிப் பதப்படுத்துற விதமும். சரியா பதப்படுத்தலைன்னா டூல் மெத்துனு வளையும், இல்லைன்னா படக்குனு உடையும். இரண்டு, அளவு. ஸ்பேனர் வாய் கொஞ்சம் அகலமா இருந்தாலே நட்டோட மூலைகளை மழுக்கிடும். மூணு, கைப்பிடியும் ஃபினிஷிங்கும்.

பிளாட்ஃபார்ம்ல 100 ரூபாய்க்கு விற்கிற செட்டுக்கும், டபாரியா மாதிரி நம்ம ஊர் பிராண்டுக்கும் நடுவுல வித்தியாசம் மலை அளவு. நாசிக்ல இருக்கிற டபாரியா, 1969-ல் ஸ்வீடன் நாட்டுத் தொழில்நுட்ப உதவியோட டூல் தயாரிக்கத் தொடங்கின கம்பெனி. எந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாலும் அதோட ஸ்பேனர் ஒண்ணு கிடக்கும். ஆனா அங்கிருந்து ஜெர்மன் பிராண்டுக்குப் போனா, விலை பல மடங்கு ஏறும். வீட்டு உபயோகத்துக்குக் கிடைக்கிற கூடுதல் பலன் கொஞ்சம்தான். முதல் படி ஏறுறதுக்குக் காசு கொடுங்க. ரெண்டாவது படிக்குக் காரணம் கேளுங்க.

"சிஆர்-வி" அதாவது குரோம் வனேடியம்னு பொறிச்சிருந்தா தரம்னு நினைச்சுடாதீங்க. எழுத்தை யார் வேணா பொறிக்கலாம். நல்ல ஹார்டுவேர் கடையில பில்லோட வாங்குங்க, போலியில மாட்டுற வாய்ப்பு குறையும். "லைஃப்டைம் வாரண்டி" என்பதும் பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான், தேய்மானத்துக்கு இல்லை.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

சீப் டூலோட நிஜமான செலவு அதோட விலை இல்லை, அது கெடுக்கிற பொருள். 60 ரூபாய் ஸ்க்ரூடிரைவரால என் பைக்ல ஒரு ஸ்க்ரூவோட தலையைத் தேச்சுட்டேன். அதை ட்ரில் பண்ணி எடுக்க மெக்கானிக்குக் கொடுத்தது 350. அதனால இந்த நாலுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்:

1. ஸ்க்ரூடிரைவர் முனை. ப்ளஸ் எல்லாம் ஒரே ப்ளஸ் இல்லை. சாதாரணமா கிடைக்கிறது பிலிப்ஸ். நீங்களே பூட்டுற ஃபர்னிச்சர்ல பல சமயம் போஸிடிரைவ் வரும். ப்ளஸ்ஸுக்கு நடுவுல நாலு மெல்லிய கோடு தெரியும். ஜப்பான் கம்பெனி பைக்குகள்ல ஜிஸ் வகை வரும். சிலதுல தலையில ஒரு சின்னப் புள்ளி இருக்கும். தப்பான முனை போட்டா எவ்வளவு விலை கொடுத்த ஸ்க்ரூடிரைவரும் வழுக்கும். சரியான முனை, நடுத்தர விலை போதும்.

2. கரண்ட் வேலை. ப்ளையர்ல சிவப்பு பிளாஸ்டிக் உறை இருந்தா ஷாக் அடிக்காதுன்னு நினைக்கிறவங்க நிறைய பேர். அது வெறும் பிடிக்கான உறையா இருக்கலாம். நிஜமான இன்சுலேட்டட் டூல்ல ரெட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும், ஐஇசி 60900 தரத்தைக் குறிப்பிட்டிருப்பாங்க. இருந்தாலும் முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. இந்த ஒரு இடத்துல மட்டும் விலைக் கணக்கே போடாதீங்க.

3. ஸ்க்ரூ ஸ்பேனர். வாயை அட்ஜஸ்ட் பண்ற இந்த ஸ்பேனர்ல சீப்பா இருக்கிறது ஆடும், நட்டை மழுக்கும்.

4. ஆலன் கீ. நல்ல செட்டே சில நூறு ரூபாய்தான். மட்டமானது முனை தேஞ்சு ஸ்க்ரூவையும் கெடுக்கும்.

சுத்தியல், இன்ச் டேப், கட்டர் கத்தி இதெல்லாம் சாதாரணமானது போதும். ஹேக்ஸாவுல ஃப்ரேம் சுமாரா இருக்கலாம், பிளேடு நல்லதா வாங்குங்க.

இஎம்ஐ விஷயத்துக்கு வருவோம்

நோ காஸ்ட் இஎம்ஐ-யில வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா அந்த வட்டித் தொகை மேல பேங்க் 18% ஜிஎஸ்டி போடும், பெரும்பாலும் ப்ராசஸிங் ஃபீயும் வரும். டூல் விலையிலயே 18% ஜிஎஸ்டி இருக்கு. தொழில் பண்றவர் பதிவு பண்ணியிருந்தா அதை இன்புட் கிரெடிட்டா எடுக்க வழி இருக்கு. டூலை மூலதனமாகக் காட்டித் தேய்மானமும் கழிக்கலாம். மாசச் சம்பளக்காரருக்கு இது ரெண்டும் கிடையாது. புது வரி முறையில 75,000 ரூபாய் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், டூல் வாங்கினாலும் வாங்காட்டாலும் அதேதான்.

12,000 கிட்டுக்குப் பதிலா 1,500 ரூபாய்க்குத் தேவையானதை மட்டும் வாங்கினா மிச்சம் 10,500. 7% கூட்டு வட்டியில 10 வருஷத்துல சுமார் 20,650 ஆகும். இந்தக் காசு உங்களைப் பணக்காரனாக்காது, உண்மைதான். ஆனா கவனிங்க: நாம பல சமயம் வாங்குறது டூலை இல்லை. "வார இறுதியில நானே எல்லாத்தையும் ரிப்பேர் பண்ற ஆளு" என்ற ஒரு கற்பனையை வாங்குறோம். கேமரா, கிட்டார், ஜிம் மெம்பர்ஷிப், எல்லாமே இதே கதைதான்.

அப்போ என்ன செய்யலாம்?

ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவர் செட், ஒரு கட்டிங் ப்ளையர், ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், ஆலன் கீ செட், டெஸ்டர், சுத்தியல், இன்ச் டேப். எல்லாம் நம்ம ஊர் நல்ல பிராண்டுல. இதோட ஒரு வருஷம் ஓட்டுங்க. எது தேயுதோ, எது உங்க கையை நோகடிக்குதோ, அதை மட்டும் அடுத்த முறை உசத்தியா வாங்குங்க. சைக்கிள் பிரியரா, மர வேலை பண்றவரா இருந்தா, அந்த வேலைக்கான ஒண்ணு ரெண்டு பிரீமியம் டூல் தாராளமா வாங்கலாம். கையில ரொக்கமா இருக்கிற காசுல, இஎம்ஐ இல்லாம.

அந்தத் தம்பி இப்போதைக்கு 1,400 ரூபாய்ல முடிச்சிருக்கான்.

என் கோப்ராவா? அடுத்த தடவை ப்ளம்பர் அண்ணன் வந்தப்போ எடுத்துக்கச் சொன்னேன். "சும்மா வேணாம் சார்" என்று மறுத்துட்டார். பேசி 2,000 ரூபாய்க்கு முடிவாச்சு, அதுவும் காசா இல்லை. எங்க வீட்ல 500 ரூபாய் வீதம் நாலு வேலை. மூணு முடிஞ்சுது, ஒண்ணு பாக்கி.

என் புக்ல 1,600 ரூபாய் நஷ்டம். 11 தடவைக்குப் பங்கு போட்டா ஒரு தடவைக்கு 145 ரூபாய். பரவாயில்லை. அந்த ப்ளையர் இப்போ தினமும் வேலைக்குப் போகுது.