ஆறிய காயமும் நிமிராத விரலும்

சில காலத்துக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் கூலிப் பதிவேட்டைத் தணிக்கை செய்தபோது, ஓர் அங்கத்தினரின் பக்கத்தில் ஐந்து மாதங்களாக ஒரு சேலைகூட வரவு இல்லாதிருக்கக் கண்டேன். காரணம் வினவினேன். காரியதரிசி அவரையே வரவழைத்தார். மைத்துனர் வயலில் அறுவடைக்கு உதவப் போனவிடத்தில் கதிர் அரிவாள் சுட்டுவிரலின் உட்புறத்தைக் கிழித்துவிட்டது. “காயம் மூன்று வாரத்தில் ஆறிப்போச்சுங்க ஐயா, விரல்தான் இன்னும் வரவில்லை” என்றார். தையல் பிரித்த பின்னரும், அசைத்தால் பிளந்துவிடும் என்ற அச்சத்தால் வீட்டார் பல வாரம் கட்டை அவிழ்க்க விடவில்லை. விரல் பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. அறுந்த பாவிழையைப் பிணைக்க முடியாதவர் தறியில் அமர்ந்து என்ன செய்வார்?

காயம் ஆறிவிட்டது என்று நாம் சொல்வது, தோல் மூடிக்கொண்டதைப் பார்த்துத்தான். உள்வேலை அதற்குப் பின்னும் ஓராண்டுக்கு மேல் நடக்கிறது. முதலில் இரத்தம் உறைகிறது. சில நாட்கள் வெள்ளணுக்கள் கழிவை அகற்றுகின்றன. பிறகு மூன்றாவது வாரம் வரையில், நார் உண்டாக்கும் உயிரணுக்கள் கொலாஜன் என்னும் இழையை அவசரமாக நிரப்புகின்றன. நல்ல தோலில் இவ்விழைகள் கூடை முடைந்தாற்போல் பல திசைகளிலும் ஊடும் பாவுமாகக் கிடக்கும். எப்பக்கம் இழுத்தாலும் நெகிழும். தழும்பிலோ அவை பெரும்பாலும் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும். நெசவாளருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மூன்று வாரத்தில் தழும்பின் வலு பழைய தோலின் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. மூன்று மாதத்தில் அது ஐந்தில் நான்கு பங்கு வரை உயரலாம். முழு வலு ஒருபோதும் திரும்புவதில்லை.

1971இல் ஜியூலியோ கபியானியும் அவருடைய சகாக்களும், ஆறும் காயத்தில் தசையைப் போலச் சுருங்கும் ஆற்றல் பெற்ற உயிரணுக்கள் இருப்பதை எடுத்துக்காட்டினர். காயத்தின் ஓரங்களை நெருக்கி இழுப்பவை இவையே. வயிற்றிலோ முதுகிலோ இதனால் கேடு அதிகமில்லை. விரல் மூட்டின் உட்புறத்தில் இதே இழுப்பு விரலை மடக்கிவிடும்.

தழும்பு உயிரற்ற ஒட்டு அன்று. அதன் இழைகள் கரைந்தும் புதிதாக உண்டாகியும் வருகின்றன. 1740இல் புறப்பட்ட ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதியின் கப்பற் பயணத்தில் மாலுமிகளை ஸ்கர்வி நோய் பீடித்தது. 1690இல் நடந்த பாயின் போரில் காயமுற்ற ஒரு கிழவருக்கு, ஐம்பதாண்டுகளுக்கு முன் ஆறிய புண்கள் மீண்டும் திறந்துகொண்டனவாம். வைட்டமின் சி இன்றி உடலால் நல்ல கொலாஜனை உண்டாக்க இயலாது என்பது பிற்காலத்தில் தெரிந்த உண்மை. (நெல்லியும் கொய்யாவும் பயிரிடும் அன்பர்கள், காயம்பட்டவர் வீட்டுக்கு நாலு பழம் அனுப்புவது வீண் உபசாரமல்ல.)

இந்தப் புதுப்பிப்பு நடைபெறும் காலத்தில் இழை எத்திசையில் இழுக்கப்படுகிறதோ, அதற்கேற்பவே அமைகிறது. கையால் செய்யும் சிகிச்சைக்கு இடம் இங்கேதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட், விறைத்த விரலை வலிந்து நிமிர்த்தலாகாது என்று வற்புறுத்தினார். இயல்பாக எவ்வளவு நிமிருமோ அவ்வளவில் மாவுக்கட்டு இட்டு, சில நாட்களுக்கொரு முறை மாற்றிச் சிறிது சிறிதாக நிமிர்த்துவது அவர் கையாண்ட முறை. அமெரிக்காவிலும், விரலின் தசைநாண் அறுந்தால் ஒட்டித் தைத்து அசையாமல் வைத்திருந்த வழக்கம் மாறியது. 1967இல் ஹெரால்ட் கிளைனர்ட், தைத்த விரலின் நகத்தில் ரப்பர் வளையம் பூட்டி, ஆரம்பத்திலிருந்தே அளவாக அசைக்கும் முறையை எடுத்துரைத்தார். அசையாத தசைநாண் சுற்றியுள்ள தழும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதே காரணம்.

தேய்த்துவிடுதலின் பயனை மிகைப்படுத்தக் கூடாது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் திரட்டில் ஏறக்குறைய பாதிப்பேருக்கே குணம் தென்பட்டது. அந்த ஆய்வுகளும் சிறியவை. தழும்பு மிருதுவாவதற்கும், அரிப்பும் வலியும் தணிவதற்கும் அது உதவலாம். தழும்பை அழிக்காது. விரலை அசைக்கும் பயிற்சி இல்லாமல் தேய்ப்பது மாத்திரம் போதாது.

தையல் பிரித்து, பொருக்கு உதிர்ந்து, தோல் முற்றிலும் மூடிய பிறகே தொடங்க வேண்டும். சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டு, தழும்பு வெளுக்கும் அளவு அழுத்தி, அடியிலுள்ள தசையின்மேல் தோல் நகரும்படி வட்டமாகவும் குறுக்காகவும் ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். தோல் சிவந்து புண்ணானால் நிறுத்திவிட வேண்டும். தசைநாணோ நரம்போ அறுபட்டிருந்தால், வைத்தியரும் இயன்முறை சிகிச்சையாளரும் சொன்னபடி அன்றித் தொடவே கூடாது. காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவி வளரும் தழும்புக்கு எண்ணெய் மருந்தாகாது. அதற்கு ஊசி மருந்து முதலிய வேறு சிகிச்சைகள் உண்டு. அடிபட்ட முழங்கையைப் பலங்கொண்ட மட்டும் உருவிவிடும் வழக்கத்தால் தசைக்குள் எலும்பே வளர்ந்துவிடக்கூடும். அவ்வாறு மூட்டு இறுகியவர்கள் உண்டு.

நமது அங்கத்தினர் அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். பஸ் செலவும் அரை நாள் கூலியும் போவதைப் பொருட்படுத்தாமல் நான்கு மாதம் போய்வந்தார். சென்ற தணிக்கையில் அவர் பக்கத்தில் இரண்டு சேலைகள் வரவு இருந்தன. மேசைமேல் கையை விரித்துக் காட்டினார். விரலின் நடுக்கணு இன்னும் சற்றுத் தூக்கியே நிற்கிறது.