பட்டாளச் சேவை: முழுநேரமும் பகுதிநேரமும்

கொல்லிமலையில் மிளகும் காப்பியும் பயிரிடும் சங்க அங்கத்தினர்களில் சிலர், தம் பிள்ளைகளைப் பட்டாளத்தில் சேர்ப்பது பற்றி விசாரிக்கின்றனர். குடும்பத்தின் கடன் தவணையும் இதில் சம்பந்தப்பட்டிருப்பதால், இவ்விஷயத்தைச் சற்று விவரமாக எடுத்துரைப்பது அவசியமாகிறது.

2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில் வெளியான 'அக்னிபத்' திட்டப்படி, முழுநேரச் சிப்பாய்கள் முதலில் நான்கு வருஷத்திற்கே எடுக்கப்படுகின்றனர். மாதச் சம்பளம் முதல் வருஷத்தில் ரூ.30,000, நான்காம் வருஷத்தில் ரூ.40,000. இதில் நூற்றுக்கு 30 வீதம் பிடிக்கப்படுமாதலால், முதல் வருஷம் கைக்கு வருவது ரூ.21,000 மட்டுமே. முழுத் தொகையும் வீடு வந்து சேருமென்று எண்ணித் தவணை ஒப்புக்கொள்ளும் தகப்பனார் பிறகு திண்டாட நேரும். பிடித்த தொகைக்குச் சமமாகச் சர்க்காரும் போட்டு, வட்டியுடன் நான்கு வருஷ முடிவில் சுமார் ரூ.11.71 லட்சம் 'சேவா நிதி'யாக அளிக்கின்றனர். இடையில் சுயவிருப்பப்படி விலகுவோர்க்குத் தம் பங்கும் வட்டியுமே கிடைக்கும். நூற்றுக்கு 25 பேர் வரையே மேற்கொண்டு நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர்க்குப் பென்ஷன் கிடையாது. ஆகவே சேவா நிதியை நம்பி இன்றே நிலத்தை அடமானம் வைப்பது புத்தியாகாது.

நிற்க. பகுதிநேரச் சேவைக்கென உள்ளது டெரிட்டோரியல் ஆர்மி என்னும் பிராந்தியச் சேனை. 1948-ம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட இதனை 1949 அக்டோபர் 9-ந் தேதி தொடங்கி வைத்தவர், நம் பழைய சேலம் ஜில்லாவின் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி அவர்களே. கோயமுத்தூரில் இதன் 110-வது பட்டாலியன் உள்ளது. 18 முதல் 42 வயதுடையோர் சேரலாம். ஆயினும் வேறு ஜீவனோபாயம் உள்ளவர்க்கே இது ஏற்பட்டது. இதையே பிழைப்பாக நம்புதல் கூடாது. காலாட்படைப் பிரிவுகளில் வருஷத்திற்குச் சுமார் இரண்டு மாதம் பயிற்சி. அக்காலத்திற்கும், சேவைக்கு அழைக்கப்படும் காலத்திற்கும் மட்டுமே சம்பளம். பயிற்சி மாதத்தைத் தேர்வது நம் கையில் இல்லை. மிளகு பறிக்கும் காலத்தில் அழைப்பு வந்தால், வீட்டில் வேறு ஆள் இருக்க வேண்டும். யுத்தகாலத்தில் அழைப்பை மறுக்கவும் இயலாது. 1965, 1971 யுத்தங்களில் இவர்கள் சேவை செய்தனர். 2025 மே மாதத்திலும் இவர்களை அழைக்கச் சேனாதிபதிக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது.

நாமக்கல் ஜில்லாவுக்கு ஆள்சேர்ப்பு ஆபீஸ் கோயமுத்தூரில் உள்ளது. அக்னிபத் விண்ணப்பம் இணையதளம் வழியே செய்யப்படுவதாகும். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஒரு தம்பிடியும் இல்லை.