ஒரு சொல்லுக்குள் எத்தனை அறைகள்!

சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டால், "செல் தீர்ந்துபோச்சு, மாத்தணும்" என்கிறார் பாட்டி. "என் செல் எங்கே?" என்று அப்பா தேடுவது போனை. அறிவியல் பாடத்தைத் திறந்தால் நம் உடம்பே செல்களால் ஆனது என்று எழுதியிருக்கிறது. மூன்றும் ஒரே ஆங்கிலச் சொல்தான். கரையானுக்கும் செல் என்று பெயர் உண்டு. 'செல்லரித்த ஏடு' என்கிறோமே, அது தமிழ்ச் சொல். அதற்கும் இதற்கும் உறவில்லை.

லத்தீன் மொழியில் 'செல்லா' என்றால் சிறிய அறை. எண்ணெயும் தானியமும் வைக்கும் அறைக்கும் அதுதான் பெயர். அதிலிருந்து பிறந்த 'செல்', மடத்தில் துறவி தனியே தங்கும் அறையைக் குறித்தது. சிறைக் கொட்டடியையும் குறித்தது.

இந்தச் சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். பாட்டிலை அடைக்கும் தக்கை இருக்கிறதல்லவா, அது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. சவரக்கத்தி போலத் தீட்டிய பேனாக்கத்தியால் அதில் மெல்லிய சீவலாக ஒன்றை அவர் சீவி எடுத்தார். தக்கை வெளிர்நிறம் என்பதால் கறுப்புத் தட்டின் மேல் வைத்து, ஒளியைக் குவித்து, நுண்ணோக்கியில் பார்த்தார். தேனடை போல அடுக்கடுக்காகக் குட்டி அறைகள்! அவற்றை 'செல்' என்று எழுதினார். 1665இல் வந்த அவருடைய 'மைக்ரோகிராஃபியா' நூலில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஓர் அங்குல நீளத்தில் 1,080 அறைகள்; அப்படியானால் ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடிக்கும் மேல்! 1,080ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

ஹூக் பார்த்தவை இறந்துபோன செல்கள், வெறும் சுவர்கள். உள்ளே உயிர்ப்பொருள் எதுவும் மிச்சமில்லை. நம் உடம்பின் செல்லுக்கோ சுவரே கிடையாது, மெல்லிய சவ்வு மட்டுமே. ஆனாலும் காலி அறைக்கு வைத்த பெயர்தான் இன்றும் அதற்கு.

இனி, மின்சாரம் தரும் செல். வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் அதன் மேல்புறத்தைப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆறு மூடிகள் இருக்கும். உள்ளே ஆறு தனித்தனி அறைகள்; ஒவ்வொன்றும் ஒரு செல், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட், மொத்தம் 12. (அமிலம் இருக்கிறது, திறக்காதீர்கள்!)

போனுக்கு ஏன் அந்தப் பெயர்? 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகப் பொறியாளர்கள், ஊரைத் தேனடையின் கண்ணறைகள் போன்ற அறுகோணப் பகுதிகளாகப் பிரிக்கலாம் என்று எழுதினார்கள். பகுதிக்குப் பகுதி ரேடியோ நிலையம். ஒரு பகுதியில் பயன்படும் அலைவரிசையை, சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு பகுதியில் மறுபடி பயன்படுத்தலாம். குறைந்த அலைவரிசைகளை வைத்துக்கொண்டே நிறையப் பேர் பேசலாம். அந்தப் பகுதிதான் செல். நாம் பேருந்தில் பேசிக்கொண்டே போகும்போது, ஒரு செல் நம்மை அடுத்த செல்லிடம் ஒப்படைத்துக்கொண்டே வருகிறது. சுவரே இல்லாத அறை இது! எனக்கு மிகவும் பிடித்த பொருளும் இதுதான்.

வெங்காயத்தின் உட்புறத் தோலை மெல்ல உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, பள்ளி நுண்ணோக்கியில் காட்டச் சொல்லி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அறைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறிய புள்ளி இருக்கும், அதுதான் உட்கரு. ஹூக்கின் தக்கையில் இல்லாததை நீங்கள் பார்த்துவிடுவீர்கள்.