பல்லுக்குக் காவல் கிருமிகள்

ஆரோக்கியமான குழந்தையின் பல்லிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள். அவற்றைத் திசைமாற்றுவது இனிப்பு.

சொத்தை ஒன்றுகூட இல்லாத ஐந்து வயதுக் குழந்தை. அதன் பல்லை நகத்தால் லேசாகச் சுரண்டினால் மாவு போல வெள்ளையாக ஏதோ வரும். "ஒழுங்காப் பல் தேய்ச்சியா?" என்று அதட்டுவார் அம்மா. அதட்டல் நியாயம்தான். ஆனால் அந்த மாவு வெறும் அழுக்கல்ல, பாக்டீரியாக்களின் குடியிருப்பு. பல் மருத்துவர்கள் இதைப் பற்படலம் என்கிறார்கள்.

இதை முதலில் பார்த்தவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லீவன்ஹுக். தினமும் உப்பால் பல் தேய்ப்பவர். அப்படியும் 1683இல் தன் பல்லிடுக்கு மாவை உருப்பெருக்கியில் வைத்தபோது நுண்ணுயிர்கள் துள்ளின. 1890இல் மில்லர் என்ற ஆய்வாளர், வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிப்பதாக விளக்கினார். 1924இல் லண்டனில் கிளார்க், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸைச் சொத்தைப் பல்லில் கண்டுபிடித்தார். குற்றவாளி சிக்கியாயிற்று என்று தோன்றியது.

வழக்கு அவ்வளவு சுலபமல்ல. சொத்தையில்லாத குழந்தைகளின் வாயிலும் மியூட்டன்ஸ் இருப்பதுண்டு. அங்கே அதை அடக்கி வைக்க ஆள் இருக்கிறது. பால்பல் முளைத்ததுமே குடியேறும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து மியூட்டன்ஸை ஒடுக்குகிறது. வெய்லொனெல்லா மற்றவை கக்கும் லாக்டிக் அமிலத்தை உண்டு தீர்க்கிறது. வேறு சில அம்மோனியா உண்டாக்கி அமிலத்தை முறிக்கின்றன.

இந்தச் சமநிலையைக் குலைப்பது சர்க்கரை. இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் அமிலம் ஏறுகிறது. pH அளவு 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் அடுத்த மிட்டாய் வந்துவிட்டால்? அமிலம் தாங்காத காவலர்கள் குறைந்துபோக, அமிலத்தில் செழிக்கும் மியூட்டன்ஸ் பெருகுகிறது. கூட்டாளிகளும் சேரக்கூடும். வட கரோலினாவில் 3 முதல் 5 வயதுவரையுள்ள 300 குழந்தைகளின் பற்படலத்தை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, ஈறு நோயோடு மட்டும் தொடர்புபடுத்தப்பட்டிருந்த செலினோமோனாஸ் ஸ்புடிஜினா, மியூட்டன்ஸைச் சுற்றித் தேன்கூடு போலக் கட்டிக்கொண்டு அமிலத்தைக் கூட்டுவதைக் காட்டியது.

இந்தியாவுக்கு இது சின்ன விஷயமல்ல. 2002-03இல் நடந்த தேசிய ஆய்வில் ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் சொத்தை இருந்தது. சர்க்கரைப் பால் புட்டியோடு தூங்கும் குழந்தைக்கு ஆபத்து அதிகம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும்.

கிருமியே இல்லாத வாய் யாருக்கும் கிடைக்காது. துலக்கிய சில மணி நேரத்தில் படலம் மீண்டும் படியும். அது தடிக்காமல் காலையும் இரவும் ஃப்ளூரைடு பேஸ்டால் துலக்குவதும், இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்வதும்தான் வழி. மூன்று வயதுவரை அரிசியளவு பேஸ்ட் போதும்.

அம்மாவின் அதட்டல் இனி மிட்டாய் டப்பா திறக்கும் சத்தத்துக்கும் வரவேண்டும்.