கொழுப்பு இடும் கட்டளை

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குகிறதல்லவா? அதற்குக் கொழுப்பும் ஒரு காரணம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். உண்மை அதுவே. உயிரணுவின் சவ்விலுள்ள அராகிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பிலிருந்து தூதர்கள் பலர் பிறக்கின்றனர். பிராஸ்டாகிளாண்டின் ரத்தக் குழாய்களை விரித்து வலியை மிகுவிக்கிறது. லூக்கோட்ரையீனில் ஒருவகை வெள்ளையணுப் படையைக் காயத்துக்கு அழைக்கிறது. வந்த படையை அடக்குவதோ, அதே கொழுப்பின் மற்றொரு பிள்ளையான லிபாக்ஸின்!

ஆஸ்பிரின் மாத்திரை பிராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறதென 1971-இல் ஜான் வேன் என்னும் ஆங்கிலேயர் காட்டினார். 1982-இல் ஸ்வீடன் தேசத்தார் இருவருடன் நோபல் பரிசும் பெற்றார். ஆயினும் ஆஸ்துமாக்காரர் சிலருக்கு இம்மாத்திரை ஆகாது. பிராஸ்டாகிளாண்டின் குறையவே, கட்டுக்கு அடங்காத லூக்கோட்ரையீன் பெருகி மூச்சுக் குழாயை நெரித்துவிடுகிறது.