மென்பொருளும் லாபக் கணக்கும்: பழைய தருமபுரியின் இரு ஆலைகள்

2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஓசூரும் போச்சம்பள்ளியும் தருமபுரி மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. இன்று அவ்விரண்டு இடங்களிலும் வாகன ஆலைகள் இயங்குகின்றன. 1980இல் மொபெட்டுடன் தொடங்கிய டிவிஎஸ் மோட்டார் ஓசூரில் உள்ளது; 2020 டிசம்பரில் 2,400 கோடி ரூபாய் முதலீட்டு ஒப்பந்தம் செய்துகொண்டு ஓலா எலெக்ட்ரிக் எழுப்பிய ஆலை போச்சம்பள்ளி அருகே உள்ளது. எண்மமயமாதல் ஒரு வாகன நிறுவனத்தின் நிதிநிலையை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராய இவ்விரண்டையும்விடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது.

வடிவமைப்பு, கொள்முதல், உற்பத்தி, விற்பனை, சர்வீஸ் ஆகிய அனைத்தும் ஒரே தரவுச் சங்கிலியில் பிணைக்கப்படுவதே எண்மமயமாதல் எனப்படுகிறது. எந்த ஊரில் எந்த வண்டி விற்கிறது என்ற செய்தி அன்றாடம் ஆலைக்கு எட்டுமானால், விற்காத வண்டிகளிலும் உதிரி பாகங்களிலும் முடங்கும் பணம், அதாவது நடைமுறை மூலதனம், குறைகிறது. ஓடும் வண்டி அனுப்பும் தரவு பழுதை முன்கூட்டியே காட்டிவிட்டால், வாரண்டிக்காக ஒதுக்கிவைக்கும் தொகையும் குறைகிறது. ஆனால் செலவு முன்னே வருகிறது, ஆதாயம் பின்னரே வருகிறது. மென்பொருளை உருவாக்க ஆகும் செலவு, உரிய நிபந்தனைகள் நிறைவேறினால், சொத்தாகப் பதியப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிக்கப்படுவதால், ஓராண்டின் லாப எண்ணை மட்டும் பார்த்து இம்மாற்றத்தை எடைபோட முடியாது.

ஓலா தொடக்கத்திலேயே முகவர்களைத் தவிர்த்தது. 2021 செப்டம்பரில் இணையம் வழியாகவே விற்பனையைத் தொடங்கி, இரண்டு நாட்களில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் விற்றதாக அறிவித்தது. முகவர் கமிஷன் மிச்சமாகும் என்பது தாளில் சரியான கணக்குதான். ஆனால் முகவர் வண்டியை விற்பவர் மட்டுமல்லர், பழுது பார்த்துத் தருபவரும் வாடிக்கையாளரின் கோபத்தை முதலில் கேட்பவரும் அவரே. தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களின் அடிப்படையில் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. 99 விழுக்காட்டுக்கு மேல் தீர்க்கப்பட்டுவிட்டதாக நிறுவனம் பதிலளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் கடைகளின் எண்ணிக்கையை 4,000 ஆக உயர்த்தியதாகவும் அறிவித்தது. மிச்சம் பிடித்த கமிஷன் இவ்வாறு வாடகையாகவும் சம்பளமாகவும் திரும்பி வந்தது.

2023-24இல் ஏறத்தாழ 5,010 கோடி ரூபாயாக இருந்த ஓலாவின் வருவாய் அடுத்த ஆண்டு 4,514 கோடியாகச் சரிந்தது; நட்டமோ 1,584 கோடியிலிருந்து 2,276 கோடியாகப் பெருகியது. அரசு மானியக் குறைப்பும், கடும் போட்டியும், மின்கல ஆலைக்கான முதலீடும் இதில் சேர்ந்திருப்பதால் பழி முழுவதையும் மென்பொருளின் மேல் போடுவது நியாயமன்று.

டிவிஎஸ் தலைகீழ் வரிசையில் நடந்தது. 2002இல் தரத்துக்கான டெமிங் பரிசு பெற்ற, முகவர் வலை ஊன்றிய ஒரு நிறுவனம், 2020 ஜனவரியில் ஐக்யூப் என்ற மின் ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தி, செயலியையும் தரவையும் பழைய அமைப்பின் மேல் ஏற்றியது. 2024-25இல் அதன் வருவாய் 36,251 கோடி ரூபாய், நிகர லாபம் 2,711 கோடி ரூபாய். இந்த லாபத்தைப் பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகளே ஈட்டின என்பதை மறக்கலாகாது. புதியதற்கான செலவைப் பழையது தாங்கியது. அவ்வாண்டு மின் இருசக்கர வாகனப் பதிவில் முன்னிலை வகித்த ஓலாவை 2025 ஏப்ரலில் டிவிஎஸ் முந்தியது.

ஏற்கெனவே ஒழுங்காக நடக்கும் வேலையின் செலவை எண்மமயமாதல் குறைக்கும். இல்லாத சர்வீஸ் பட்டறையை அது உண்டாக்கித் தராது. ஆகவே, இத்தகைய நிறுவனங்களின் பங்குகளை வாங்க எண்ணும் வாசகர்கள் ஆண்டறிக்கையில் செயலியின் புகழைப் படிப்பதற்கு முன், வாரண்டி ஒதுக்கீடு எவ்வளவு, சொத்தாகப் பதியப்பட்ட மென்பொருள் செலவு எவ்வளவு என்ற இரண்டு வரிகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.